ஒரே மழை, இரண்டு ஓடைகள்

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் வலப்புறம் பிரிந்தால் கிளன்மார்கன். தேயிலைத் தோட்டம், ஏரி, மேடுகளில் புல்வெளி, மலை மடிப்புகளில் சோலைக்காடு என்று பசுமையாக விரியும் ஊர். இங்கு தேங்கும் தண்ணீர் சிங்காரா மின்நிலையத்தில் மின்சாரம் தந்துவிட்டு, மாயாறு வழியாகப் பவானிசாகர் அணைக்குப் போகிறது. ஈரோட்டுப் பக்கம் நெல்லுக்கும் மஞ்சளுக்கும் பாயும் தண்ணீரில் இந்த மலைக்கும் பங்குண்டு.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஓடைகள் பெருகிவிடுவதில்லை. கோடையில் காய்ந்த மண் முதல் மழையைக் குடித்துவிடும். மண் நனைந்து நிறைந்த பிறகு, அதே அளவு மழைக்கு ஓடை மளமளவென்று ஏறும். மழை ஓய்ந்த பிறகு மண்ணிலிருந்து கசியும் ஊற்றுநீர்தான் கோடை வரை ஓடையை ஓட வைக்கிறது.

அந்த நீரை மரங்கள் குடித்தால்? மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் உதகை மையம் இதை இங்கேயே அளந்து பார்த்தது. அருகருகே தலா சுமார் 32 ஹெக்டேரில் இரண்டு நீர்ப்பிடிப்புகள். 1968 முதல் 1971 வரை இரண்டின் ஓடைகளையும் அளந்தார்கள். 1972-ல் ஒன்றில் மட்டும், ஏறக்குறைய 59 சதவிகிதப் பரப்பில் தைலமரம் நட்டார்கள். மற்றது புல்வெளியாகவே இருந்தது.

முதல் பத்தாண்டுகளில் தைலமர ஓடையின் ஆண்டு நீர்வரத்து சராசரியாக 16 சதவிகிதம் குறைந்தது. வெட்டி, மறுதாம்பு விட்ட அடுத்த பத்தாண்டுகளில் குறைவு சுமார் 25 சதவிகிதமானது. ஏற்கெனவே ஆழமாக இறங்கிய வேர்கள் இருந்ததால், தழைத்த மரம் முன்னைவிட விரைவாக நீரை இழுத்தது. பெருமழை நேரத்து வெள்ளம் தணிந்தது உண்மைதான். ஆனால், கோடையில் ஓடும் தண்ணீரும் சுருங்கியது.

விறகுக்கும் காகிதத்துக்கும் தைலமரம் வேண்டும். அதை ஊற்றுக்கண்ணின் தலைமாட்டில் வைக்கக்கூடாது என்பதே கிளன்மார்கன் சொல்லும் பாடம்.

உங்கள் ஊர் ஓடையையும் நீங்களே அளக்கலாம். கரையோரம் அங்குலம் குறித்த கம்பு ஒன்றை நட்டு, தினமும் ஒரே நேரத்தில் நீர்மட்டத்தையும் மழையளவையும் நோட்டில் எழுதுங்கள். மழை நின்ற பிறகு எத்தனை நாள் ஓடுகிறது என்றும் குறித்து வையுங்கள். அந்த நாள்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால், வானத்தைப் பார்ப்பதோடு மேட்டுப் பகுதியில் என்ன மாறியிருக்கிறது என்றும் பாருங்கள்.