இறவாரத்துச் சொட்டு

ஒட்டுக் கேட்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஈவ்ஸ்டிராப்பிங்’ என்று பெயர். ‘ஈவ்ஸ்’ என்றால் கூரையின் இறவாரம்; ‘டிராப்’ என்றால் சொட்டு. காதுக்கும் சொட்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா?

எங்கள் மகாராஜபுரத்து ஓட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். ஐப்பசியில் மலையோரம் மழை பிடித்துக்கொண்டால், ஓட்டு விளிம்பிலிருந்து விழும் நீர் சுவரையொட்டித் தரையில் கோடு போட்டுவிடும். பழைய இங்கிலாந்தில், கூரைத் தண்ணீர் அண்டை நிலத்தில் விழாதிருக்கச் சுவருக்கு வெளியே கொஞ்சம் இடம் விடுவார்கள். அந்த இடத்தின் பெயர்தான் இது. அங்கே நின்று உள்ளே நடக்கும் பேச்சுக்குக் காது கொடுத்தவர்களுக்கும் பிறகு அதுவே பெயராயிற்று!

அது அங்கே குற்றமாகவும் இருந்தது. கேட்டதை வைத்து அவதூறு கட்டுகிறவர்கள் என்று, 1769-ல் பிளாக்ஸ்டன் என்ற சட்ட அறிஞர் அவர்களைப் பற்றி எழுதினார். 1967-ல்தான் அந்தக் குற்றத்தைச் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். நம் நாட்டிலோ, தொலைபேசிப் பேச்சும் ஒருவரின் அந்தரங்க உரிமையில் அடங்கும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வீட்டுக்குள் நடப்பதற்கு எந்தக் கோர்ட்டுக்குப் போவது? மசக்கையில், “எதைத் தின்றாலும் பிடிக்கவில்லை, அம்மா” என்று என் தாயாரிடம் சொன்னேன். ஜன்னலோரம் நின்ற ஒரு காதில் ‘பிடிக்கவில்லை’ மட்டும் விழுந்தது. “மருமகளுக்கு இந்த வீடே பிடிக்கவில்லையாம்” என்று அது மாமியாரிடம் போய்ச் சேர்ந்தது. ஆறு மாதம் அவர் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சகோதரிகளே, அரைகுறையாக ஏதாவது காதில் விழுந்தால், நேரே வந்து, “என்ன சொன்னாய்?” என்று கேட்டுவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.