நெசவு நகரில் ஒரு நெசவாளர் மகன்

கோயம்புத்தூரிலிருந்து திருப்பூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் சோமனூர் என்றோர் ஊர் உண்டு. அவ்வூருக்குள் செல்வோரின் செவியில் முதலில் விழுவது தறியோசையே. ஊரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் விசைத்தறிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். நெசவாளரிற் பலர் கூலிக்கு நெய்பவர். பாவு நூலையும் ஊடை நூலையும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பர்; நெசவாளர் அவற்றைக் காடாத் துணியாக நெய்து கொடுத்து, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பெறுவர்.

அத்தகைய நெசவாளர் ஒருவரின் மகன் மருத்துவம் பயில்வதற்காக ருஷ்ய நாட்டிற்குச் சென்றான். அவன் பிறந்த வீடும் தறிக்கூடமும் ஒரே சுவரால் பிரிக்கப்பட்டவை. தறியோசையே அவனுக்குத் தாலாட்டாக இருந்தது. மின்சாரம் நின்று தறிகள் ஓய்ந்தால்தான் அவ்வீட்டார் உறக்கம் கலைந்து எழுவர். ஆயினும், வளர வளர அவனுக்கு அவ்வோசையின்மீது வெறுப்பு மிகுந்தது. பஞ்சுத் தூசி படிந்த தந்தையின் தலையும், உரக்கப் பேசும் அவர் குரலும் அவனுக்கு நாணத்தைத் தந்தன. அவ்வோசை கேளாத தொலைவிற்குச் சென்றுவிட வேண்டும் என்பதே அவன் விருப்பமாயிற்று.

அவன் சென்று சேர்ந்த நகரம் இவானோவோ. அது மாஸ்கோவிற்கு வடகிழக்கே ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தொலைவில், உவோத் என்னும் ஆற்றின் கரைகளில் அமைந்துள்ளது. அந்நகரின் மருத்துவக் கல்லூரி 1930-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. விடுதியில் முதல் நாள் இரவு அவனுக்கு உறக்கம் வரவில்லை. காரணம் குளிரன்று, அறையில் நிலவிய அமைதியே. மறுநாள் உடன் பயிலும் மாணவர்கள் தந்தையின் தொழில் யாது என்று வினவியபோது, “துணி வணிகம்” என்று கூறிவிட்டான். அது முழுப் பொய்யன்று, உண்மையும் அன்று.

ஞாயிறுதோறும் கல்லூரிக்கு விடுமுறை. அந்நாள்களில் நண்பர்களுடன் ஊர் சுற்றிப் பார்ப்பதை அவன் வழக்கமாக்கிக்கொண்டான். முதன்முதலில் ஆற்றங்கரைக்குச் சென்றான். அது பனிக்காலம். ஆறு முழுதும் பளிங்குத் தரைபோல் உறைந்து கிடந்தது. சிலர் பனிக்கட்டியில் துளையிட்டு, அதன் அருகே அமர்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தனர். கரையின்மீது செங்கல்லாற் கட்டிய நெடிய கட்டடங்களும் புகைபோக்கிகளும் வரிசையாக நின்றன. அவை யாவை என்று கேட்டான். “நூற்பாலைகளும் நெசவாலைகளும்” என்று விடை வந்தது.

தறியோசைக்கு அஞ்சி ஓடி வந்தவன், உலகின் பெரும் நெசவு நகரங்களுள் ஒன்றிலேயே வந்து தங்கியிருந்தான்! இவானோவோ என்னும் சிற்றூரும் அதன் அருகிலிருந்த வஸ்னெசென்ஸ்கி என்னும் குடியிருப்பும் 1871-இல் இணைந்து ஒரு நகரமாயின. கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பதுபோல, இந்நகரை ருஷ்யாவின் மான்செஸ்டர் என்பர். மத்திய ஆசியாவில் விளைந்த பருத்தி இங்கு வந்து நூலாகித் துணியாயிற்று. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் பருத்தி வந்த வழி தனி நாடுகளுக்கு உரியதாயிற்று. பழைய வாணிக ஏற்பாடுகள் குலைந்தன. ஆலைகள் பல மூடப்பட்டன. சில கட்டடங்கள் இன்று அங்காடிகளாக விளங்குகின்றன. ஓர் அங்காடியினுள் சென்ற மாணவன் அதன் உயர்ந்த தூண்களையும் அகன்ற சாளரங்களையும் நிமிர்ந்து நோக்கினான். எத்தனை தறிகள் அங்கே ஓடியிருக்கும் என்று அவன் மனம் தானாகவே கணக்கிட்டது. தான் பெரிதும் விரும்பிய அமைதி அக்கூடத்தில் நிலவியது. ஆனால், அது அவனுக்கு இன்பம் தரவில்லை.

மற்றொரு ஞாயிறன்று அவர்கள் பாலேஃக் என்னும் சிற்றூருக்குப் பேருந்தில் சென்றனர். அது இவானோவோவிற்குக் கிழக்கே 60 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் உள்ளது. அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகத் திருவுருவப் படங்கள் எழுதி வாழ்ந்தவர். 1917-ஆம் ஆண்டின் புரட்சிக்குப் பின்னர் அப்படங்களை வாங்குவார் இல்லாமற் போயினர். ஓவியர்கள் தூரிகையை எறிந்துவிடவில்லை. 1924-இல் ஒரு கூட்டுறவுக் குழு அமைத்து, காகிதக் கூழினாற் செய்த சிறு பேழைகளின்மீது நாட்டுக் கதைகளை வரையத் தொடங்கினர். முட்டையின் மஞ்சட்கருவிற் குழைத்த வண்ணங்களால் வரைந்து, பொற்கோடுகள் இட்டு, அப்பொன்னை ஓநாயின் பல்லால் தேய்த்து மெருகேற்றுவர். கருநிறப் பேழையின்மீது மின்னிய அக்கோடுகள் நூலிழையினும் நுண்ணியவாய் இருந்தன. கைத்திறன் ஒருவனிடம் இருக்குமாயின், அது அமர்வதற்கு வேறோர் இடம் தேடிக்கொள்ளும் என்பதை மாணவன் அங்குக் கண்டான்.

இளவேனிலில் பனி உருகிற்று. தால்கா என்னும் சிற்றாற்றின் கரைக்கு அவர்கள் சென்றனர். மரங்கள் அடர்ந்த அவ்விடத்தில் நினைவுச் சின்னங்கள் உள்ளன. 1905-ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்நகரின் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நகரினுள் கூடுவதற்குத் தடை விதிக்கப்பட்டமையால் இவ்வாற்றங்கரையிற் கூடினர். எட்டு மணி நேர வேலை, கூலி உயர்வு ஆகியவற்றைக் கேட்டனர். தங்களுக்குள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து ஒரு மன்றம் அமைத்தனர். அம்மன்றத்தின் தலைவராக அவேனிர் நொஸ்திரின் விளங்கினார். அவர் துணியில் அச்சிடுவதற்கான உருவங்களைச் செதுக்கும் தொழிலாளி, கவிஞருங்கூட. கூட்டத்தின்மீது குதிரைப்படை ஏவப்பட்டது. எனினும், வேலைநிறுத்தம் 72 நாள்கள் நீடித்தது. கையிருப்பு தீர்ந்து, பசி வாட்டிய பின்னரே, சில சலுகைகளைப் பெற்றுக்கொண்டு அவர்கள் ஆலைக்குத் திரும்பினர்.

இவ்வரலாற்றைக் கேட்டபோது மாணவனுக்குத் தன் வீடு நினைவிற்கு வந்தது. 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கூலி உயர்வு நடைமுறைக்கு வரவில்லை என்று கோவை, திருப்பூர் மாவட்டங்களின் கூலி விசைத்தறிகள் வாரக்கணக்கில் நிறுத்தப்பட்டன. அப்போது அவன் பள்ளி மாணவன். தறி நின்ற வீட்டில் தந்தை உறக்கமின்றித் திண்ணையில் அமர்ந்திருப்பார். அக்காலத்தில் அவன் அவ்வமைதியைப் பயன்படுத்திப் பாடம் படித்தான். தந்தையின் முகத்தை நோக்கவில்லை. இப்போது, ஆயிரமாயிரம் கல் தொலைவில், அம்முகம் அவன் கண்முன் தோன்றிற்று. நண்பர்கள் ஒளிப்படம் எடுத்துக்கொண்டிருந்தனர். அவன் ஆற்றையே நோக்கி நெடுநேரம் நின்றான்.

அடுத்த வாரம் அவர்கள் துணி அருங்காட்சியகத்திற்குச் சென்றனர். ஆலை முதலாளியாக இருந்து அரும்பொருள்களைத் திரட்டிய திமித்ரி புரிலின் என்பவரின் மாளிகையில் அது 1987-இல் அமைக்கப்பெற்றது. பூக்களும் கொடிகளும் அச்சிட்ட பருத்தித் துணிகள் அங்குக் கண்ணாடிக்குள் விளங்கின. அச்சிடப் பயன்பட்ட மரக்கட்டைகளும் இருந்தன. 1930-ஆம் ஆண்டை ஒட்டி நெய்த துணிகளில் பூக்களுக்குப் பதிலாக உழுபொறிகளும் பற்சக்கரங்களும் வானூர்திகளும் அச்சாகியிருந்தன.

இவ்வகைத் துணிக்கு ருஷ்ய மொழியிற் பெயர் ‘சீத்யெத்ஸ்’. அச்சொல்லைக் கேட்டதும் அவன் திகைத்தான். பாட்டி தன் சிறு பருவத்தில் உடுத்திய சீட்டிப் பாவாடையைப் பற்றிப் பன்முறை கூறியிருக்கிறாள். சீட்டி என்பதும் சீத்யெத்ஸ் என்பதும் ஒரு வேரிற் பிறந்தவை. பலநிறம் உடையது என்னும் பொருள் தரும் ‘சித்ர’ என்னும் வடசொல்லே இரண்டிற்கும் மூலம். 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் துணிகளைக் கப்பலேற்றினர். இந்தியச் சொல் அவர்கள் நாவில் ‘சிட்ஸ்’ ஆயிற்று. அவர்களிடமிருந்து ருஷ்யர் நாவிற்குச் சென்றது. மாணவனுக்கு முன்பே, எவ்வகைச் சீட்டும் இன்றி, அவன் நாட்டுத் துணியின் பெயர் இப்பனி நாட்டிற் குடியேறியிருந்தது.

கூடத்தின் மூலையில் காவற்பணி செய்யும் மூதாட்டி ஒருவர் அமர்ந்து கம்பளிநூல் பின்னிக்கொண்டிருந்தார். நூல் அறுந்தது. இரு முனைகளையும் இடக்கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே குறுக்காக வைத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் அவர் முடிச்சிட்டார். அம்முடிச்சை அவன் நன்கு அறிவான். பாவில் இழை அறுந்தால் அவன் தாய் இடும் முடிச்சு அது. எண்ணற்ற முறை கண்டது. அவன் அருகே சென்று, மருத்துவமனை நோயாளிகளிடம் பேசுவதற்காகக் கற்ற ருஷ்ய மொழியில், “அம்மையே, நீங்கள் நெசவு செய்தவரா?” என்று வினவினான். அவர் செவியைச் சாய்த்து, மீண்டும் கூறுமாறு கேட்டார். பிறகு மிக உரத்த குரலில், “முப்பது ஆண்டுகள் தறியில் நின்றேன், மகனே! செவியைத் தறிக்குக் கொடுத்துவிட்டேன்” என்றார். நண்பர்கள் அக்குரல் கேட்டு நகைத்தனர். அவனுக்கு நகைப்பு வரவில்லை. தந்தை ஏன் உரக்கப் பேசுகிறார் என்பது மருத்துவம் பயிலும் அவனுக்கு அன்றுதான் புலனாயிற்று.

அவன் கம்பளிநூலில் இரு துண்டுகளை வாங்கி, அதே முடிச்சை இட்டுக் காட்டினான். மூதாட்டியின் முகம் மலர்ந்தது. “உனக்கு இதைக் கற்பித்தவர் யார்?” என்று அவர் கேட்டார். நண்பர்கள் சூழ நின்றனர். ஓராண்டுக்கு மேலாக மறைத்து வைத்த சொல்லை அவன் தெளிவாகக் கூறினான்: “என் தாய். என் பெற்றோர் இருவரும் தறியில் கூலிக்கு நெய்பவர்கள்.”

அன்று மாலை அவன் ஊருக்குத் தொலைபேசியிற் பேசினான். வழக்கம்போல் தறிக்கூடத்தின் இரைச்சல் முதலிற் கேட்டது. “இரு கண்ணு, வெளியே வந்து பேசுகிறேன்” என்றார் தந்தை. மகனுக்கு அவ்வோசை பிடிக்காது என்பதை அறிந்து, எப்போதும் அவர் அவ்வாறே செய்வார்.

“வேண்டாம் அப்பா, உள்ளேயே இருந்து பேசுங்கள்” என்றான் மகன்.

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவன் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.