29 நிமிஷம், நாலு பேர், ஒரு செங்கல் சுவர்

மொத்தம் 29 நிமிஷம் 4 விநாடி. 14 பாட்டு. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் முழு ஆல்பத்தையும் கேட்டு முடிச்சுட்டு கையும் கழுவிட்டு வந்துடலாம். ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தைத்தான் சொல்றேன். ஆல்பத்தின் பேரும் 'ரமோன்ஸ்'தான். தனியா ஒரு பேர் யோசிக்கக்கூட அவங்களுக்குப் பொறுமை இல்லை போலிருக்கு :-)

பங்க் ராக் பத்தி யாராவது பேச ஆரம்பிச்சா உடனே ஊசி, சங்கிலி, கலர் அடிச்ச முடி, இங்கிலாந்து ராணி என்று போய்விடுவார்கள். அதெல்லாம் அப்புறம் வந்த லண்டன் சமாச்சாரம். இது நியூயார்க். 1976 ஏப்ரல் 23ம் தேதி சையர் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட இசைத்தட்டு. அட்டையில் கருப்பு வெள்ளையில் நாலு பேர் ஒரு செங்கல் சுவத்துல சாய்ஞ்சு நிக்கிறாங்க. தோல் ஜாக்கெட், முட்டியில கிழிஞ்ச ஜீன்ஸ். ஒருத்தர் முகத்திலயும் சிரிப்பு கிடையாது. ரேஷன் கடை எப்ப திறப்பாங்கன்னு காத்துக்கிட்டிருக்கிற மாதிரி ஒரு நிப்பு. ரொபெர்ட்டா பெய்லி 'பங்க்' பத்திரிகைக்காக எடுத்த படம் அது. கம்பெனி வேறொருத்தரை வச்சு எடுத்த படங்கள் சரியா வரலைன்னு இதை 125 டாலர் கொடுத்து வாங்கினாங்க. அதுக்கப்புறம் எத்தனை குழுக்கள் எத்தனை சுவத்துல சாய்ஞ்சாங்களோ, கணக்கே இல்லை.

அந்தக் காலத்து ராக் எப்படி இருந்ததுன்னு தெரிஞ்சாத்தான் இதோட அருமை புரியும். ஒரு பாட்டு இருபது நிமிஷம் ஓடும். நடுவுல கிட்டார்காரர் கண்ணை மூடிக்கிட்டு அஞ்சு நிமிஷம் வாசிப்பார். அப்புறம் டிரம்ஸ்காரர் முறை. நம்ம சபாக்களிலயாவது தனி ஆவர்த்தனம் வந்தா எழுந்து காபி குடிக்கப் போகலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அங்கே அதுதான் கச்சேரியே. அந்த வருஷம் அமெரிக்காவில் சக்கைப் போடு போட்டது பீட்டர் ஃப்ராம்ப்டனின் மேடைக் கச்சேரி இரட்டைத் தட்டு. அதைக் குறை சொல்லலைங்க, எனக்கும் பிடிக்கும். ஆனா அதைக் கேட்கிற பதினேழு வயசுப் பையனுக்கு ஒரு விஷயம் தெளிவாப் புரிஞ்சிடும்: இது நம்மால ஆகிற காரியம் இல்லை.

ரமோன்ஸ் ஆல்பத்தில் தனி ஆவர்த்தனம் கிடையாது. முன்னிசை, பின்னிசை பம்மாத்து கிடையாது. 'ஜூடி இஸ் எ பங்க்' ஒன்றரை நிமிஷம். இருக்கிறதிலேயே நீளமான பாட்டு இரண்டரை நிமிஷத்தைச் சும்மா தொட்டுத் தாண்டும்.

ஆளுங்களைப் பத்திக் கொஞ்சம். நாலு பேரும் குவீன்ஸ் பகுதியின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் கோஷ்டி. ஜோயி பாட்டு, ஜானி கிட்டார், டீ டீ பேஸ், டாமி டிரம்ஸ். நாலு பேருக்கும் கடைசிப் பேர் ரமோன், ஆனா ஒருத்தருக்கொருத்தர் சொந்தம் இல்லை. பீட்டில்ஸ் பிரபலமாகும் முன்னாடி பால் மெக்கார்ட்னி கொஞ்ச நாள் வச்சிருந்த புனைபெயர் பால் ரமோன். அதை டீ டீ எடுத்துக்கிட்டார், மத்தவங்களும் ஒட்டிக்கிட்டாங்க. (புனைபெயரில் காலம் தள்ளும் நமக்கு இது ஒண்ணும் புதுசில்லை.) 1974 ஆகஸ்டில் பவரி தெருவில் சீபீஜீபீ என்ற கிளப்பில் முதல் தடவை வாசிச்சாங்க. நாட்டுப்புறப் பாட்டுக்காகத் திறந்த கிளப் அது. பேரே அந்த வகை இசைகளோட முதலெழுத்துகள்தான். வந்தது என்னவோ இவங்க.

1976 பிப்ரவரியில் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் கட்டிடத்துக்குள்ள இருந்த பிளாசா சவுண்ட் ஸ்டூடியோவில் ஒரே வாரத்தில் பதிவு முடிஞ்சது. வாத்தியங்களுக்கு மூணு நாள், குரலுக்கு நாலு நாள். செலவு சுமார் 6,400 டாலர். பெரிய குழுக்கள் அந்தக் காசை டீ செலவுக்கே காலி பண்ணிடுவாங்க.

இனிமேதான் நான் சொல்ல வந்ததே.

2003 வாக்கில் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் இந்த ஆல்பத்தை சீடியில் எரிச்சுக் கொடுத்தார். என்கிட்ட இருந்த இயர்போனில் வலது காது செத்துப் போயிருந்தது. புதுசு வாங்க மாசக் கடைசி இடம் கொடுக்கலை. அதனால முதல் மூணு வாரம் நான் கேட்டது இடது பக்கத்தை மட்டும்தான். வேற எந்த ஆல்பமா இருந்தாலும் சத்தம் கொஞ்சம் குறைஞ்சிருக்கும், அவ்வளவுதான். இதுல என்ன நடக்கும்னா, கிட்டாரே இருக்காது! பேஸ் முழுக்க இடது பக்கம், கிட்டார் முழுக்க வலது பக்கம், டிரம்ஸும் குரலும் நடுவில். அப்படித்தான் கலந்திருக்காங்க. அறுபதுகளின் ஆரம்பத்து பீட்டில்ஸ் ஸ்டீரியோ தட்டுகள் இப்படித்தான் பிரிஞ்சு கேட்கும். அந்த நினைப்பில் தயாரிப்பாளர் கிரெய்க் லியோனும் டாமியும் வேணும்னே செஞ்சது.

மூணு வாரத்தில் டீ டீயின் பேஸ் எனக்கு மனப்பாடம். சம்பளம் வந்து புது இயர்போன் மாட்டினப்ப வலது காதுல ஜானி இறங்கினார் பாருங்க... காய்ஞ்ச மிளகாயை மிக்ஸியில் போட்டு மூடாம ஓடவிட்ட மாதிரி. அதே பாட்டுதான், ஆனா வேற உயரத்துக்குப் போயிடுச்சு.

ரசிகர்களுக்குள்ள இதில் ஒரு தீராத பஞ்சாயத்து உண்டு. ஆல்பத்தை மோனோவிலும் விட முதலில் யோசனை இருந்தது. அந்த மோனோ கலவை கடைசியில் 2016ல், நாற்பதாம் ஆண்டுப் பதிப்போட வந்தது. எல்லா சத்தமும் ஒரே முஷ்டியா வந்து மூக்குல விழும், அதுதான் நிஜ ரமோன்ஸ் என்பது ஒரு கட்சி. கேட்டேன், நல்லாத்தான் இருக்கு. ஆனா என் ஓட்டு ஸ்டீரியோவுக்கே.

காரணம் இதுதான். பழைய ஸ்டீரியோ பெட்டிகளில் பேலன்ஸ் திருகி ஒண்ணு இருக்கும், ஞாபகம் இருக்கா? அதை ஒரு பக்கமா முழுக்கத் திருப்பினா கிட்டார் மறைஞ்சிடும். பேஸும் டிரம்ஸும் பாட்டும் தயாரா நிக்கும், கிட்டார்காரர் இடம் காலி. நீங்க போய் உட்கார்ந்துக்கலாம். இன்னொரு பக்கம் திருப்பினா பேஸ்காரர் இடம் காலி. சமையல் குறிப்பை பாத்திரத்து மேலயே எழுதி ஒட்டிக் கொடுத்த மாதிரி. செக்ஸ் பிஸ்டல்ஸின் சிட் விஷியஸ் பேஸ் கத்துக்கிட்டது இந்தத் தட்டோட சேர்ந்து வாசிச்சுத்தான் என்பார்கள். (அவர் எவ்வளவு கத்துக்கிட்டார் என்பது தனி விவாதம்.)

நானும் உட்கார்ந்து பார்த்தேன். பீரோ மேல ஒரு கிட்டார் ரெண்டு வருஷமா தூங்கிக்கிட்டிருந்தது. மூணு மாச வகுப்பு, அதுக்கப்புறம் வாத்தியார் "உங்க விரல் இதுக்கு ஒத்து வராது சார்"னு நாசூக்கா சொல்லி அனுப்பிட்டார். 'பிளிட்ஸ்க்ரீக் பாப்' பாட்டுக்கு மூணே கார்டுதான் பிரதானம். பத்து நிமிஷத்தில் இடது கை பிடிச்சுக்கிட்டது. அட, இவ்வளவுதானான்னு தட்டை ஓடவிட்டு சேர்ந்து வாசிச்சா, ஒரு நிமிஷத்தில் வலது மணிக்கட்டு கழண்டு போச்சு.

ஏன்னா ஜானி மேலும் கீழுமா மீட்ட மாட்டார். எல்லாமே கீழ் நோக்கித்தான். நிமிஷத்துக்குச் சுமார் 175 தாளம், தாளத்துக்கு ரெண்டு அடி. கணக்குப் போட்டா ஒரு விநாடிக்கு கிட்டத்தட்ட ஆறு அடி, ஆறும் மேலிருந்து கீழே. மேல் நோக்கியும் மீட்டினா கை பாதி வேலைதான் செய்யும், ஆனா அந்த மிளகாய் சத்தம் வராது. 1974ல் சுமார் 50 டாலருக்கு வாங்கின மாஸ்ரைட் கிட்டாரை வச்சு மனுஷன் மேடையில் ஒரு மணி நேரம் நிக்காம இதைச் செஞ்சார். "மூணு கார்டு தெரிஞ்சா போதும், இதெல்லாம் இசையா"ன்னு கேட்கிறவங்க ஒரே ஒரு பாட்டுக்குக் கீழ் அடி மட்டும் அடிச்சுப் பார்த்துட்டு வரட்டும். மூணு கார்டு யாருக்கும் வரும். அதிலேயே நிக்கிறதுக்குத்தான் ஆள் வேணும். டாமியும் அப்படித்தான். அவர் டிரம்ஸ்காரரே இல்லை. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வேலை பார்த்த ஸ்டூடியோவில் உதவி ஒலிப்பதிவாளரா இருந்தவர். டிரம்ஸுக்கு ஆள் தேடினப்ப வந்தவங்க எல்லாரும் வித்தை காட்டினாங்களே தவிர, சாதாரணமா அடிக்க ஒருத்தருக்கும் வரலை. கடைசியில் அவரே உட்கார்ந்துட்டார்.

என் விரல் இன்னமும் ஒத்து வரலை. ஆனா கிட்டார் திரும்ப பீரோ மேல ஏறலை. ஞாயித்துக்கிழமை காலையில் மூணு பாட்டு வாசிப்பேன். வீட்டம்மா சமையல்கட்டிலிருந்து "மிக்ஸியை நிறுத்துங்க"ம்பாங்க.

ஒரு கதையை மட்டும் இங்க சரி பண்ணிடணும். 1976 ஜூலை 4ம் தேதி லண்டன் ரவுண்ட்ஹவுஸில் ரமோன்ஸ் வாசிச்சாங்க, அதைப் பார்த்துட்டுத்தான் கிளாஷ், பிஸ்டல்ஸ், டேம்ன்ட் எல்லாம் குழு ஆரம்பிச்சாங்கன்னு ஒரு புராணம் சுத்துது. அன்னிக்கு ராத்திரி கிளாஷ் குழுவே ஷெஃபீல்டில் பிஸ்டல்ஸுக்கு முன்னாடி தங்களோட முதல் கச்சேரியை வாசிச்சிக்கிட்டிருந்தாங்க! ரெண்டு நாள் கழிச்சு டேம்ன்ட் குழுவின் முதல் கச்சேரி. கச்சேரிக்கு முன்னாடியே தட்டு போய்ச் சேர்ந்தாச்சு, அதை வச்சு வீட்டுல பழகியாச்சு. அதைவிட எனக்குப் பிடிச்சது மார்க் பெர்ரி கதை. லண்டனில் ஒரு பேங்க் கிளார்க், 19 வயசு. இந்த ஆல்பத்தின் ஒரு பாட்டிலிருந்து பேரை உருவி 'ஸ்னிஃபின் க்ளூ'ன்னு அந்த ஜூலையில் தானே ஒரு பத்திரிகை ஆரம்பிச்சார். டைப்ரைட்டர், தலைப்புக்கு ஸ்கெட்ச் பேனா, அப்புறம் ஜெராக்ஸ். முதல் இதழ் சுமார் 50 பிரதிதான். எடிட்டர் கிடையாது, பிழை திருத்த ஆள் கிடையாது, பிடிச்சதை எழுதினார். அடப்பாவி, நம்ம ஆளு!

இந்த ஆல்பத்தில் எனக்கு உறுத்துகிற இடமும் உண்டு. கடைசிப் பாட்டு. நாஜி சிப்பாய் ஒருத்தன் பாடற மாதிரி எழுதினது. கம்பெனி முதலாளி சீமோர் ஸ்டைன், யூதர், ஆட்சேபிச்சு முதல் வரியை மாத்த வச்சார். மாத்தின பிறகும் மிச்சம் இருக்கு. ரசிகர்கள் இதுக்கு ஒரு பதில் வச்சிருக்காங்க: பாடற ஜோயி யூதர், டிரம்ஸ் அடிக்கிற டாமி புடாபெஸ்டில் பிறந்த யூதர், அவர் பெற்றோர் நாஜிகள் கையிலிருந்து தப்பிப் பிழைச்சவங்க, சொந்தக்காரர்கள் நிறைய பேர் கொல்லப்பட்டாங்க. அதனால இது கிண்டல்தான், வேற எதுவும் இல்லைன்னு. டீ டீ ஜெர்மனியில் வளர்ந்தவர், அப்பா அமெரிக்க சிப்பாய், அம்மா ஜெர்மானியர், போரின் மிச்சங்களைப் பொறுக்கி விளையாடின பையன். அதுவும் சரிதான். எனக்குப் பாதிதான் சம்மதம். பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவர் வீட்டுல அத்தனை சாவு இருக்கிறப்ப அந்த விளையாட்டை டாமி எப்படி எடுத்துக்கிட்டார்ன்னு ஒவ்வொரு தடவையும் யோசனை ஓடும். 'பிளிட்ஸ்க்ரீக் பாப்' பெரும்பாலும் டாமி எழுதினது, அதுக்கு நாஜிப் போர்முறையின் பேரை வச்சது டீ டீ. டாமி ஒத்துக்கிட்டார். அதே டாமிதான் இந்த ஆல்பத்தின் ஒரே காதல் பாட்டையும் எழுதினார், 'ஐ வான்னா பி யுவர் பாய்ஃபிரண்ட்'. ஜோயி அதைப் பாடறதைக் கேளுங்க. ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவான உயரம், முகத்தை மூடின முடி, குரல் மட்டும் எட்டாம் கிளாஸ் பையன் லெட்டர் கொடுக்க வந்த மாதிரி நடுங்கும்.

விக்கலை. பில்போர்டு பட்டியலில் 111ம் இடம், அதுக்கு மேல ஏறலை. ரெண்டு பாட்டைத் தனித்தட்டா விட்டாங்க, ரெண்டும் பட்டியலுக்குள்ளயே வரலை. பாப் பாட்டு மாதிரி ஊரெல்லாம் முணுமுணுக்கும்னு நம்பித்தான் செஞ்சாங்க, அதான் கொடுமை. ஜோயியின் காதலி ஜானியோட போய் அவரையே கல்யாணமும் பண்ணிக்கிட்டதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னு போச்சு. ஆனா 1996 ஆகஸ்ட் வரைக்கும் ஒரே வேனில், ஒரே மேடையில், மொத்தம் 2,263 கச்சேரி. பேசாம!

ஜோயி 2001ல் போனார். 2002ல் டீ டீ, 2004ல் ஜானி. ரெண்டு பேருக்குப் புற்றுநோய், டீ டீக்குப் போதை மருந்து. ஒருத்தரும் அறுபதைத் தொடலை. 2014 ஏப்ரல் 30ம் தேதி இந்த ஆல்பத்துக்கு அமெரிக்காவில் தங்கத்தட்டு சான்றிதழ் கிடைச்சது, அஞ்சு லட்சம் பிரதி. 38 வருஷம் ஆச்சு. அப்ப உயிரோட இருந்தது டாமி மட்டும்தான். அந்த ஜூலை 11ம் தேதி அவரும் போயிட்டார்.

பி.கு: கேட்கப் போறவங்க மொபைல் ஸ்பீக்கர்ல கேட்காதீங்க, எல்லாம் கலந்து கூழாயிடும். ரெண்டு காதும் வேலை செய்யற இயர்போன் மாட்டுங்க. முதல் தடவை முழுசா. ரெண்டாவது தடவை வலது பக்கத்தைக் கழட்டிட்டு. 'லெட்ஸ் டான்ஸ்' வரும்போது அடியில் ஒரு பைப் ஆர்கன் வாசிக்குதா பாருங்க, அந்த ஸ்டூடியோ இருந்த கட்டிடத்திலேயே இருந்தது அது.