இறக்கத்தின் கணக்கு

நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியே கம்பளைக்கு இறங்கும்போது வாப்பா எங்கள் சிறிய ஹைபிரிட் காரின் பிரேக்கை மெல்லத் தொட்டபடியே வருவார். அப்போது மோட்டார் மின்பிறப்பாக்கியாகி, இயக்கசக்தியை மின்னாக்கிப் பெற்றரியில் சேர்க்கும்.

"அப்ப இறக்கம் முழுக்க லாபம்தானே?" என்றார் உம்மா.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் நான் கணக்குப் போட்டேன். ஆட்களோடு கார் 1300 கிலோகிராம். இறக்கம் ஏறத்தாழ 1400 மீற்றர். இழக்கும் அழுத்தசக்தி சுமார் 5 கிலோவாற்றுமணி. பெற்றரி கொள்வதோ ஒன்றுக்கும் குறைவு! காற்றுத்தடையும் உராய்வும் ஒரு பங்கைக் குறைத்தாலும், கம்பளை வருமுன்னே பெற்றரி நிறைந்துவிடும். மீதியைப் பிரேக்கே சுமந்தால் அது சூடேறிப் பிடியிழக்கும்.

அதனால்தான் நீண்ட இறக்கத்தில் வாப்பா கியரை 'பி'க்கு மாற்றுகிறார். இயந்திரம் எரிபொருளின்றிச் சுழன்று காரை இழுத்துப் பிடிக்கும். சத்தம் கூடும்; பிரேக் அதிகம் சூடாகாது. மின்னைச் சேமிப்பது நல்லதுதான். பின்னிருக்கையில் தூங்கும் தம்பியைப் பத்திரமாக வீடு சேர்ப்பது அதைவிட முக்கியம்.