திரைக்கு ஒரு படி, தாளுக்கு ஒரு படி

தில்லி மோதி பாக் குருத்வாரா வெண்ணிறக் கட்டடம். 1707இல் குரு கோவிந்த் சிங் இவ்விடத்தில் தங்கினார் என்பது சீக்கியர் மரபு. வெயிலில் எடுத்த அதன் ஒரே ஒளிப்படத்தைக் கருத்தரங்கில் திரையிடவும் ஆய்வேட்டில் அச்சிடவும் விரும்பும் ஆய்வாளர், இரண்டு படிகளைத் தனித்தனியே திருத்தியாக வேண்டும்.

புரொஜெக்டர் ஒளியை வீசும். கறுப்பை அதனால் வீச இயலாது. விளக்கெரியும் அறையில் திரையின் கறுப்பு சாம்பலாகவே தெரியும். ஆகவே திரைப்படியில் நடுத்தொனிகளின் வேறுபாட்டைச் சற்று மிகுப்பது வழக்கம். தாளோ தன்மேல் விழும் ஒளியையே திருப்பித் தருகிறது. எனவே கணினியில் சரியாகத் தோன்றிய படம் அச்சில் இருண்டுவிடுகிறது. அச்சுப்படியில் நிழல்களை உயர்த்த வேண்டும். சுவரின் வெண்மையை முழு வெள்ளைக்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும். இல்லையேல் அங்கே மை விழாது. வெற்றுத் தாளே சுவராகிவிடும். அளவும் மாறும்: திரைக்குப் போதுமான 1920 பிக்சல் அகலம், அங்குலத்துக்கு 300 என்னும் அச்சுக் கணக்கில் 6.4 அங்குலமே.

கட்டடப் படத்தில் இதனால் அழகு குறையும். கல்வெட்டுப் படத்தில் சான்றே மாறும். பழைய கல்வெட்டுகள் பலவற்றில் புள்ளி இடப்படுவதில்லை. வேறுபாட்டை மிகுத்தால் கல்லின் சிறு குழி புள்ளியாகத் தோன்றும், உயிர்மெய் மெய்யாகும், வாசிப்புப் பிறழும். நிழல் அடைபட்டாலோ உண்மையான புள்ளியும் மறையும்.

திருத்தாத மூலக்கோப்பைக் காப்பதும், ஒவ்வொரு படியிலும் செய்த மாற்றத்தைக் குறித்துவைப்பதும் ஆய்வு நேர்மையின் பகுதி. எழுத்தை வாசிப்பது மூலக்கோப்பிலிருந்தே நிகழட்டும்.