முன்வாசல் வழி

நாஞ்சில் நாட்டில் வழி கேட்பது லேசுப்பட்ட காரியமில்லை. பதில் வருவதற்கு முன்னால் "எவடத்து ஆளு? எந்தத் தெரு?" என்று இரண்டு கேள்வி வந்து விழும். ஊர்ப்பேர் போதாது, தெருப்பேர் வேண்டும். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துபோகும். அதற்குப் பிறகுதான் "அங்கோடிப் போ" என்பதா, "அங்க போங்க" என்பதா என்று நாக்கு முடிவுசெய்யும்.

நாகர்கோவிலை ஒட்டி ஒரு முதியோர் குடியிருப்பு. ஓய்வுபெற்ற வாத்தியார்மாரும் தாலுகா ஆபீஸ்காரர்களும் பணம் கட்டி இருக்கிற இடம். அவர்களுக்கென்று ஒரு மனமகிழ் மன்றம் உண்டு. கேரம் பலகை, டி.வி., பத்திரிகை மேசை. ஞாயிற்றுக்கிழமை அங்கே புத்தகம் அடுக்கிக் கொடுக்கப் போவேன். அன்றைக்குத்தான் பார்க்க வருகிறவர்கள் கூட்டம். ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுக் கட்டின கட்டடம். புதுசாக வருகிறவர் சுற்றிச் சுற்றி சமையல்கட்டில் போய் நிற்பார். கையில் புத்தகத்தோடு நிற்கிற என்னிடம் கேட்பார்கள், கூட்டிக்கொண்டு போய் விடுவேன்.

அங்கே ஒரு பாட்டி. அரசு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். நம்ம ஆள். பென்ஷனும் மகன் அனுப்புகிற பணமும் சேர்ந்துதான் அவரை உள்ளே கொண்டுவந்தது. அவரைப் பார்க்க வருவது தங்கச்சியும் பேரப்பிள்ளைகளும். களை பறித்து, நாத்து நட்டு வெடித்த கால்கள். காவல்காரர் காலைப் பார்ப்பார், "பின்னால போ" என்பார். பின்வாசலில் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பாட்டி இறங்கி வருவார். நின்றபடி பேசிவிட்டு அவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். இப்படி எத்தனையோ மாசம். உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வழியை மட்டும் அப்படிச் சொன்னார்கள்.

வழியை வைத்தே ஆளை விலக்குவது இந்த மண்ணுக்குக் கைவந்த வித்தை. ஐந்தாறு கிலோமீட்டரில் சுசீந்திரம். கோயிலுக்குள் போவது இருக்கட்டும், கோயிலைச் சுற்றின தெருவிலேயே தாழ்த்தப்பட்டவன் கால் வைக்க முடியாது. அந்தத் தெருவில் நடப்பதற்காக 1926-ல் டாக்டர் எம்.இ. நாயுடு முதலானோர் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். கோயில் கதவு திறக்க 1936 நவம்பர் 12-ன் பிரகடனம் வரவேண்டியிருந்தது. வைக்கத்தைப் பேசுகிற அளவுக்கு நாம் சுசீந்திரத்தைப் பேசுவதில்லை.

அதற்கும் நூறு வருசத்துக்கு மேல் முன்னால் மயிலாடியில் நடந்ததையும் சொல்லவேண்டும். 1806-ல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் பாதிரியார் இங்கே வந்தார். தஞ்சாவூர் வரைக்கும் போய் ஞானஸ்நானம் வாங்கி, எங்கள் ஊருக்கும் ஆள் அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கியவர் மகராசன் வேதமாணிக்கம், ஒரு பறையர். மன்றத்தில் பேப்பர் படிக்கிற வாத்தியார்மாரில் பலர் அந்த மிஷன் வளர்த்த பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வழிகாட்டினவன் பேரன் பேத்திக்குத்தான் பின்வாசல்.

ஒரு ஞாயிறு நானே கேட்டில் போய் நின்றேன். "வாங்க சித்தி, இப்படி வாங்க" என்று முன்வாசல் வழியாகக் கூட்டிப்போனேன். போகிற போக்கில் சத்தமாகவே சொன்னேன்: இது தண்ணிக்குழாய், இது கக்கூஸ், கேரம் பலகை தாண்டி சோத்துக்கைப் பக்கம் திரும்பினா மன்றம். அடுத்த வாரம் நான் இல்லாவிட்டாலும் வழி தெரியணுமே. பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு வாத்தியார் "எந்த ஊரு?" என்றார். "காலனிங்க" என்றார் சித்தி. வாத்தியார் பேப்பரை மடக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். நல்லது. வாத்தியார் காதிலிருந்து அதை எந்த ஆணை எடுக்கும்?

ஆபீசில் கூப்பிட்டு, "நீங்க புத்தக வேலைய மட்டும் பாருங்க" என்றார்கள். வருகிற எல்லாருக்கும் ஒரே வழி என்று கேட்டில் போர்டு வையுங்கள், நான் புத்தகத்தோடு இருந்துகொள்கிறேன் என்றேன். ரெண்டு மாசம் இழுத்தடித்து, அம்புக்குறி போட்டு ஒரு போர்டு வந்தது. சித்திக்குப் படிக்கத் தெரியாது. ஆறாங்கிளாஸ் பேத்தி படித்துச் சொல்கிறாள்.

போன ஞாயிறு நான் போனபோது மன்றத்துத் தரையில் சாக்குக்கட்டியால் கட்டம் வரைந்து தாயம் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டி, தங்கச்சி, அவர்களோடு பேங்கில் இருந்த ஒரு அம்மாவும். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் பெட்டியோடு முழித்துக்கொண்டு நிற்க, பேத்தி எழுந்து போய்க் கை காட்டினாள்: "கேரம் பலகை தாண்டி திரும்புங்க மாமா."

"எந்தத் தெரு பிள்ளே நீ?" என்றார் அவர்.

"ரூம் அந்தப் பக்கம் மாமா" என்று சொல்லிவிட்டு, தன் முறைக்குக் காய் உருட்ட வந்து உட்கார்ந்தாள்.