பெயரும் பந்தும்

திருவாலங்காடு இரயிலடித் தேநீர்க் கடையில் ஒரு மாலை நாம் அமர்ந்திருந்தோம். ஆலை வேலைக்கு வந்த வங்காள இளைஞர் மூவர் அருகே வாதாடிக்கொண்டிருந்தனர். ஒருவர் மோகன் பகான் அபிமானி; மற்றவர் ஈஸ்ட் பெங்கால்; மூன்றாமவர் முகம்மதன் ஸ்போர்ட்டிங். பேச்சு பந்தில் தொடங்கித் தேர்தலுக்குத் தாவிற்று. “மதப் பெயரில் ஒரு கழகம் எதற்கு?” என்று முதலாமவர் தமக்குத் தெரிந்த தமிழில் நம்மிடமே தீர்ப்புக் கேட்டார். மூன்றாமவர் தலை கவிழ்ந்தார். பெயரைக் கேட்டதும் நாட்டுப்பற்றை எடைபோடும் பார்வையை நாமும் அறிவோமாதலால், அது நம்மைச் சுட்டது.

நாம் படித்தறிந்ததைச் சொன்னோம். 1911இல் மோகன் பகான் ஆங்கிலப் படையணியை வீழ்த்திக் கேடயம் வென்றபோது முஸ்லிம்களும் மகிழ்ந்தனர். கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்தியக் குழுவோ முகம்மதன் ஸ்போர்ட்டிங். 1934 முதல் 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து வென்றது. ஆனால் அது வகுப்பு அரசியல் மூண்ட காலம். நாட்டுக்கே உரிய அவ்வெற்றியை ஒரு சாரார் தமதென்றனர். மறுசாரார் பிறருடையதென்று ஒதுங்கினர்.

மூன்றாமவர் நிமிர்ந்தார். “2024 ஆகஸ்ட் 18ஐ மறந்துவிட்டாயா?” என்றார். கல்கத்தாவில் பெண் மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்ட துயரநாட்கள் அவை. ஆட்டம் நிறுத்தப்பட்டும் மூன்று கழகத்தாரும் சால்ட் லேக் அரங்கின் வெளியே திரண்டு ஒரே குரலில் நீதி கேட்டனர்.

முதலாமவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மூவரின் தேநீருக்கும் அவரே காசு கொடுத்தார். மஃரிபு நேரம் நெருங்க, நாம் நிறைந்த மனத்தோடு எழுந்தோம்.